வடலூர்ச் சன்மார்க்கமும் நம் குலவழக்கமும்



தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியினின்றும் மூவகைக் கூட்டத்தார் புறப்படுதலை யாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். ஒரு கூட்டத்தார் காவடி தாங்கிப் பழனிக்குக் கால்நடையாகச் செல்வர். இவ்வூர்க் காவடிக் கூட்டத்தார் பழனிமலைமீது ஓரிரவு தங்கும் உரிமையுடையர் என்பதனை நம் சிறுபிள்ளைகளும் அறிவர். மற்றொரு கூட்டத்தார் செவ்வாடை உடுத்து இருமுடி சுமந்து மேல்மருவத்தூர் செல்வர். இவருட் பெண்மக்களே மிகுதி. மூன்றாங்கூட்டத்தார் தொகையிற் சிறியர். வெள்ளாடை உடுத்து ஆரவாரமின்றிப் பேருந்தேறி வடலூர் சென்று, ஏழு திரை நீக்கிக் காட்டப்பெறுஞ் சோதியைக் கண்டு மறுநாள் மீள்வர். முதற்கூட்டத்தார் செல்லும் நெறி மிகப் பழையது. செவ்வாடையார் நெறி தோன்றி அறுபதாண்டுகளே ஆயின. வெள்ளாடையார் நெறி நூற்றைம்பதாண்டுகளைச் சற்றே கடந்தது.

இம்மூன்றாங்கூட்டத்தைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். அதற்குக் காரணம் உண்டு.

நம் சங்கத்து உறுப்பினருள் மூத்தவர் ஒருவர், தறித்தொழிலிற் கைதேர்ந்தவர், சென்ற ஆண்டு காலமானார். அவர் முப்பதாண்டுகளுக்கு மேலாகச் சன்மார்க்க ஒழுக்கத்தில் நின்றவர். தம்முடலை எரித்தலாகாது, புதைத்தல் வேண்டும், கருமாதி செய்தலாகாது, தம் மனைவியாரின் தாலியை வாங்குதலும் ஆகாது என்று தம் மக்களுக்கு எழுதி வைத்திருந்தார். மக்களும் அவ்வாறே செய்து, ஒருநாள் ஏழைகளுக்குச் சோறிட்டு அமைந்தனர். அம்மையாரின் பிறந்தகத்தார் கோடிச் சேலையோடு வந்து, வாயிற்படியில் நெடுநேரம் நின்று, சேலையைக் கையிற்கொண்டபடியே திரும்பினர். பங்காளிகள் பெரிதும் சினந்தனர். அடுத்த சங்கக் கூட்டத்தில், இக்குடும்பத்தாரிடம் இனிக் குலதெய்வக் கோயில் வரி பெறுதல் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. வரி பெறாமையாவது யாதென நாம் அறிவோம். கோயில் முறையில்லை, பொங்கற் பானையில்லை, நாளடைவிற் பெண் கொடுத்தலும் எடுத்தலும் இல்லை.

அக்கூட்டத்தில் மூவர் பேசினர். ஒருவர், "அது இறந்த புருஷனை மதியாத மதம்" என்றனர். மற்றொருவர், "மருந்து வைத்து மயக்கிவிட்டார்கள்" என்றனர். இன்னொருவர், "அது வேறு மதம், நமக்கும் அவர்களுக்கும் என்ன?" என்றனர். மூவருள் எவரும் சன்மார்க்க நூலொன்றையேனும் புரட்டிப் பார்த்தவரல்லர். தமிழ்ப்புலவர் பட்டம் பெற்ற யாமோ அன்று வாய்திறந்தோமில்லை. எம்பால் நூலும் இல்லை, துணிவும் இல்லை. தலைவர் அவர்கள் தீர்மானத்தைப் பங்குனிக் கூட்டத்திற்கு ஒத்திவைத்தார்கள். இடையில் யாம் படித்தறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

இராமலிங்க அடிகள் 1823-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 5-ஆம் தேதி சிதம்பரத்தை அடுத்த மருதூரிற் கருணீகர் குலத்திற் பிறந்தவர். சென்னையில் வளர்ந்து, கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் வழிபாடாற்றியவர். இவரை யாவரும் துறவியாகவே அறிவர். பதிப்பாசிரியராக அறிந்தார் சிலரே. 1851-இல் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தார். 1854-இல் மனுமுறைகண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை வெளியிட்டார். தமிழில் உரைநடை நடை பயின்ற காலத்தில் அத்துணைத் தெளிவாய் எழுதியவர் சிலரே. பின்னர்ச் சென்னையை விட்டுக் கருங்குழியில் தங்கினார். 1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். 1867-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி, அவ்வூரார் தந்த எண்பது காணி நிலத்தில் வடலூர்த் தருமச்சாலை தொடங்கிற்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. 1870 முதல் மேட்டுக்குப்பத்தில் வதிந்தார். 1872-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 25-ஆம் தேதி தைப்பூசத்தன்று சத்திய ஞானசபை திறக்கப்பெற்றது.

இவ்விடத்து அன்பர்கள் ஒன்றனை நோக்குக. 1865-இற் சங்கத்தின் பெயரில் 'வேத' என்னும் சொல் இருந்தது. 1872-இல் அச்சொல் நீங்கி, 'சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்' என்று ஆயிற்று. ஏழாண்டில் ஒரு சொல் போயிற்று. அச்சொல்லோடு ஒரு கொள்கையும் போயிற்று. 1873-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் மேட்டுக்குப்பத்திற் கொடி கட்டிச் செய்த பேருபதேசத்தில், தமக்கு முன்னாளிற் சைவத்தில் இருந்த பற்றுப் பெரிதென்றும், இப்போது அது தம்மை விட்டு நீங்கியதென்றும் அவரே வெளிப்படக் கூறினார். ஆகலின் 'வள்ளலார் கொள்கை யாது?' என்று வினவுவார், 'எவ்வாண்டு?' என்பதனையும் சேர்த்தே வினவுதல் வேண்டும். கந்தகோட்டத்திற் பாடியவரும் மேட்டுக்குப்பத்திற் கொடி கட்டியவரும் ஒருவரே. ஆயினும் இடையிற் பெருவழி நடந்திருக்கின்றார். ஊரன் அடிகள் 1972-இல் திருவருட்பாவைக் காலமுறையாற் பதிப்பித்தமையின் பயன் இதுவேயாம்.

இனி அருட்பாப் பூசல். தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகளை 1867-இல் அச்சிட்டார். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர், தேவார திருவாசகங்களுக்கே உரிய 'அருட்பா', 'திருமுறை' என்னும் பெயர்களை நம் காலத்தார் ஒருவர் பாட்டிற்கு இடுதல் தகாது என்று மறுத்தார். 1869-இற் 'போலியருட்பா மறுப்பு' வெளிவந்தது. பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. நீதிமன்றத்துள் அடிகள் நுழைந்தபோது நாவலரே எழுந்து நின்றார் என்று ஒரு சாரார் இன்றும் மேடைகளிற் சொல்லி மகிழ்வர். மற்றைச் சாரார் அது கட்டுக்கதை என்பர். இக்கதையை விலக்கிவிட்டு நாவலர் வாதத்தை மட்டும் நோக்குவோமாயின், அது பொருளற்ற வாதம் அன்று. கோயிலில் ஓதத்தக்கது எது, ஓதத்தகாதது எது என்னும் வரம்பு ஒரு சமயத்திற்கு உயிர்நாடி. அவ்வரம்பைக் காப்பவர் பகைவரும் அல்லர், பொறாமைக்காரரும் அல்லர். எம் ஆசிரியர் ஒருவர் நாவலர் மரபினர். திருவருட்பாவை வகுப்பிற் பாடஞ்சொல்லும்போது 'இராமலிங்கர் பாடல்' என்றே சொல்வர், 'அருட்பா' என்னார். ஆயினும் அப்பாடல்களைச் சொல்லுங்கால் அவர் குரல் தழுதழுக்கும். அந்த முரண்பாட்டின் பொருள் எமக்கு அந்நாளில் விளங்கிற்றில்லை.

எதிரியின் நூலிலும் ஒரு பயன் உண்டு. புதுநெறி எவ்விடத்திற் பழநெறியோடு மோதிற்று என்பதனை அடியார் மறைப்பினும் எதிரி மறையார். ஆனால் அடியாரும் எதிரியுமல்லாத மூன்றாவது சாட்சி ஒன்றும் வேண்டும். 1874-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 30-ஆம் தேதி அடிகள் மேட்டுக்குப்பத்து மாளிகையில் ஓரறையுட் புகுந்தார். பின்னர் அவரைக் கண்டார் இலர். தென்னார்க்காடு ஜில்லா பற்றிய அரசாங்க நூலில், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் இதனைச் சில வரிகளிற் குறித்திருக்கின்றார். அறையைச் சிலகாலம் திறவற்க என்று அடிகள் மாணாக்கரிடம் சொல்லிச் சென்றமையும், பின் அவர் காணப்படாமையும், அறை பூட்டியே இருந்தமையும் ஆங்குள. புகழுரையும் இல்லை; இகழுரையும் இல்லை. அவர்க்கு அது ஜில்லாவில் நிகழ்ந்ததொரு செய்தி; அவ்வளவே.

இவ்விடத்து வேலாயுத முதலியாரை மீண்டும் நினைத்தல் வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப்புலவராய் இருந்த இவர், 1882-இற் பிரம்மஞான சபையாருக்கு ஒரு வாக்குமூலம் எழுதித் தந்தார். ருஷியாவினின்றும் அமெரிக்காவினின்றும் சகோதரர் வருவர் என்று தம் ஆசிரியர் முன்னரே அறிவித்ததாக அதிற் கூறினார். பிரம்மஞான சபை 1875-இல் நியூயார்க்கில் தோன்றியது. அதன் தலைவருள் பிளவாட்ஸ்கி அம்மையார் ருஷியர், ஆல்காட் துரை அமெரிக்கர். சபையாரோ அவ்வாண்டின் இறுதியில் அடையாற்றிற்கே வந்து அமர்ந்தனர். ஆசிரியர் மறைந்து எட்டாண்டு சென்றபின், புதிதாய் வந்தாரைக் கண்டு முன்னைச் சொல்லை நினைந்தவர் எழுதிய வாக்குமூலம் இது. அவர் பொய் சொன்னார் என்று யாம் எண்ணுகின்றோமில்லை. ஆனால் மனிதர் நினைவு பின்வந்தவற்றின் நிறத்தை ஏற்றுக்கொள்ளும். எட்டாண்டுக்கு முன் எம் வகுப்பில் யாம் சொன்னதாக இன்று எம் மாணாக்கர் சொல்வனவற்றைக் கேட்டால், எமக்கே வியப்பாயிருக்கும்.

இனி நம் வீட்டு வாயிலுக்கு வருவோம்.

காலமான பெரியவர் எழுதிவைத்தவை அவர் தம் மனத்தினின்று கற்பித்தவை அல்ல. 1871-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ஆம் தேதியிட்டு அடிகள் தம் சங்கத்தார்க்கு எழுதியது 'சமாதிக் கட்டளை'. திருவருட்பா உரைநடைப் பகுதியில் இன்றும் காணலாம். யாரேனும் இறப்பின் எரியாது சமாதியில் வைத்தல் வேண்டும், அழுது புலம்பலாகாது, கணவன் இறப்பின் மனைவி தாலி வாங்கலாகாது, மனைவி இறப்பின் கணவன் வேறு மணம் செய்தலாகாது, பிள்ளைகள் இறப்பினும் கலங்கலாகாது, கருமங்கள் செய்தலாகாது, ஒருநாள் இயன்றமட்டில் அன்னமிடுதல் வேண்டும் என்பன அதன் கருத்து.

இதற்குக் காரணம் யாது? இக்காலத்து மேடைப் பேச்சாளர் இதனைக் கைம்பெண் சீர்திருத்தம் என்பர். கைம்பெண் மறுமணச் சட்டம் 1856-இலேயே வந்துவிட்டமையின், அச்சீர்திருத்தக் காற்று அடிகளையும் தீண்டியிருக்கலாம் என்பாரும் உளர். யாமும் முன்னர் அவ்வாறே கருதினோம். கட்டளையைப் படித்தபின் அக்கருத்தை விட்டோம். அதிற் கூறப்படும் காரணம் வேறு. இறந்தவர் மீண்டும் எழுந்து நம்மோடு இருப்பர் என்னும் முழு நம்பிக்கையே காரணம். எழப்போகின்றவனை எரித்தல் எங்ஙனம்? எழப்போகின்றவனுடைய மனைவி தாலி வாங்குதல் எங்ஙனம்? மனைவி இறந்தவழிக் கணவன் மறுமணம் செய்தலாகாது என்பதும் அதனாலேயே வந்தது. கைம்பெண் சீர்திருத்தம் மட்டுமாயின் அவ்விதிக்கு அங்கு இடமில்லை. இந்நம்பிக்கையை நாம் ஏற்கின்றோமா என்பது வேறு கேள்வி. ஏலாதார் பலர், யாமும் அவருள் ஒருவரே. ஆனால் நம்பிக்கையை உதறிவிட்டு நடக்கையை மட்டும் புகழ்ந்தாலும், நடக்கையை மட்டும் இகழ்ந்தாலும், அந்நெறியை அறிந்தவராகோம்.

இஃது எங்கிருந்து வந்ததென்று ஆராய்வார் பலர். கிறிஸ்து சமயத்தாரின் உயிர்த்தெழுதற் கொள்கையின் சாயல் என்பாரும், சித்தர் மரபிற் காயசித்தியின் வளர்ச்சி என்பாரும் உளர். மேனாட்டு அறிஞர் ரிச்சர்ட் வைஸ் 2019-இலும், ஸ்ரீலதா ராமன் 2022-இலும் அடிகளைப் பற்றித் தனி நூல்கள் ஆங்கிலத்தில் வெளியிட்டனர். அழியா உடம்பு பற்றிய பேச்சுத் திருமூலர் முதலாகத் தமிழ்நாட்டிற் பழையதாகலின், எம் மனம் இரண்டாவது கட்சியையே சாரும்.

சென்ற திங்களில் யாம் அம்மையாரைச் சென்று கண்டோம். திண்ணையில் இருந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். தீர்மானத்தைப் பற்றி அவரே பேச்செடுத்தார். "அவரு தூங்கறாருன்னு சொல்லிட்டுத்தான் போனாரு தம்பி. எனக்கு அதெல்லாம் புரியாது. அவரு சொன்னதை நான் கழட்டி வெக்க முடியாதில்லீங்களா" என்றார். பிறந்தகத்துச் சேலை திரும்பிப் போனதே அவர்க்குப் பெருந்துயரம். அச்சேலையை வாங்கிக்கொள்ள எந்தக் கட்டளையும் தடையாக இல்லை என்று யாம் சொன்னபோது, அவர் சிறிதுநேரம் இராட்டையை நிறுத்திவிட்டார்.

"புருஷனை மதியாத மதம்" என்றார்க்கு இவ்வளவே விடை.

"மருந்து வைத்து மயக்கினார்" என்பதற்கு உலகளாவிய வரலாறு உண்டு. 'புதிய சமயங்கள்' என ஒரு தொகுதியாக்கி ஆராயும் வழக்கம் இரண்டாம் உலகப்போருக்குப்பின் ஜப்பானிற் பெரிதும் வளர்ந்தது. மேனாடுகளில் 1970-களில் இளைஞர் பலர் புதுச் சபைகளிற் சேர, பெற்றோர் 'மூளைச் சலவை' என்று கூவினர். மூளைச் சலவை என்பதும் மருந்து வைத்தல் என்பதும் ஒன்றே. அவர் மருந்தின் பெயரை மாற்றிக்கொண்டனர். லண்டன் பேராசிரியர் ஐலீன் பார்க்கர் என்னும் அம்மையார், கொரியாவிற் பிறந்த மூன் என்பாரின் சபையைப் பல்லாண்டு உடனிருந்து ஆராய்ந்து 1984-இல் நூல் எழுதினார். 1979-இல் லண்டனில் அச்சபையின் பயிற்சிக்குச் சென்ற ஆயிரத்துக்கு மேற்பட்டோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் சபையிற் சேரவேயில்லை. சேர்ந்தாரிலும் பெரும்பாலார் இரண்டாண்டுக்குள் விலகினர் என்று கண்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றுவரைப் பிடிக்காத மருந்து என்ன மருந்து?

ஆயினும் அச்சம் முழுதும் பொய்யன்று. 1978-இற் கயானா நாட்டு ஜோன்ஸ்டவுனில் ஒரு தலைவன் சொற்கேட்டுத் தொள்ளாயிரவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1995-இல் டோக்கியோ நகரத்துச் சுரங்க இரயிலில் ஒரு சபையார் நச்சுப்புகை விட்டனர். ஆகவே, சுற்றத்தைப் பிரிக்கின்றதா, பொருளைப் பறிக்கின்றதா, வெளியேறும் வாயிலைப் பூட்டுகின்றதா என்று எந்நெறியையும் கேட்டறிதல் பெற்றோர் கடமை. நம் பெரியவர் முப்பதாண்டு சன்மார்க்கியாய் இருந்தும் கோயில் வரியை ஓராண்டும் நிறுத்தியவரல்லர். கிடாவெட்டுப் பங்கு ஒன்றைமட்டும் ஈந்தாரில்லை, பந்தியில் அமர்ந்தாருமில்லை. கொலையும் புலாலும் தவிர்த்தாரே ஞானசபையுட் புகலாம் என்பது அந்நெறியின் முதல் விதி.

"வேறு மதம்" என்பது மூன்றாவது. வடலூர்த் தெய்வநிலையம் இன்றும் இந்து சமய அறநிலையத் துறையின் ஆட்சியிலேயே உள்ளது. ஆங்கு ஞானசபையில் இலிங்க வழிபாடு நடைபெற்றமை பற்றி வழக்கெழ, அது அடிகள் கருத்துக்கு மாறென்று 2006-இல் துறை ஆணையிட்டது. 2010-இற் சென்னை உயர்நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்திற்று. 1872-இல் அடிகள் எழுதிய வழிபாட்டு விதியே அவ்வழக்கிற்கு அடிப்படை. விளக்கேற்றப் புகுவார் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவராகவேனும் எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவராகவேனும் இருத்தல் வேண்டும் என்று அவ்விதி சொல்லுகின்றது. இந்து சமயத்தின் அகத்தும் உளது, அதன் வழிபாட்டு முறைக்குப் புறத்தும் உளது. அதிகாரிகளே இவ்விருநிலையிற் கைவைத்து நிற்கின்றனர்.

நாஞ்சில் நாட்டு வைகுண்டர் நெறியும் இத்தகையதே. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட குலத்தாரைத் தலைப்பாகையோடு வழிபடச் செய்தவர் அவர். கருவறையிற் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி வைத்தவர். திருவிதாங்கூர் அரசர் சிறையிலிட்டனர். கிறிஸ்துவப் பாதிரிமாரும் தம் வேலைக்கு இடையூறென்று எழுதினர். அரசரும் பாதிரியும் ஒருங்கே வெறுத்த நெறி, 1851-இல் அவர் மறைந்தபின்னும் வாழ்கின்றது. மக்கட்கணக்கிலோ அவ்வடியார் இந்துக்களாகவே எண்ணப்படுகின்றனர். மேல்மருவத்தூரை நிறுவிய பங்காரு அடிகளாரும் எம்மைப் போலப் பள்ளியாசிரியராய் இருந்தவரே, 2023-இற் காலமானார். ஆங்குப் பெண்டிர் எந்நாளிலும் கருவறையுட் சென்று தாமே வழிபடுவர். நம் வீட்டுப் பெண்மக்கள் அங்கே உள்ளே நிற்கின்றனர்; நம் குலதெய்வக் கோயிலில் வெளியே நிற்கின்றனர். அவர்களை வேறு மதத்தார் என்று நாம் எவரும் இதுவரை சொன்னதில்லை.

ஒன்றனை மறைத்தல் நேர்மையன்று. அடிகள் சாதியையும் சமயத்தையும் பொய்யென்று தள்ளினவர். இதுவோ சாதிச் சங்கத்தின் பத்திரிகை. 'நம் சங்கம் ஆகாது என்றவரைப் பற்றி நம் பத்திரிகையிலேயே எழுதுவதா?' என்று ஓரன்பர் எம்மைக் கேட்டார். கேள்வி நியாயமானதே. அடிகள் பிறந்த குலத்தாரும் அவரைத் தம்மவர் என்று பெருமை பாராட்டுகின்றனர்; வைகுண்டர் குலத்தாரும் அவ்வாறே. இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழி எமக்குத் தெரிந்திலது. நம் சங்கம் பிள்ளைகளுக்குக் கல்விநிதி தருகின்றது; கைம்பெண்டிர்க்கு உதவுகின்றது. அந்நன்மைகளும் உள, அடிகள் சொல்லும் உளது. இரண்டனையும் அருகருகே வைத்துப் பார்க்க நாணுதல் வேண்டா.

தீர்மானத்தைப் பற்றி எம் கருத்தைக் கேட்பின், அக்குடும்பத்தாரிடம் வரியைப் பெறுதல் வேண்டும்; கிடாவெட்டுப் பங்கை மட்டும் விலக்கி, அத்தொகையைப் பொங்கல் அரிசிக்கு ஏற்றல் வேண்டும். தாலியைப் பற்றிச் சங்கம் ஒன்றும் பேசுதல் வேண்டா. அது அம்மையாரின் கழுத்திலுள்ளது. பங்காளிகள் மனத்தாங்கலை எளிதாக எண்ணுதலும் கூடாது. அண்ணனுக்குக் கருமம் செய்யாத குறை தம்பிமார்க்கு நெஞ்சில் உறுத்தத்தான் செய்யும். அவர்கள் விரும்பின் தம் வீட்டிற் படையலிட்டுக்கொள்ளலாம். அண்ணன் மக்கள் அதற்கு வந்திருப்போம் என்று எம்மிடம் இசைந்தனர்.

சமாதிக் கட்டளை முழுவதையும் கையாற் படியெடுத்துச் சங்கப் படிப்பகத்தில் வைத்திருக்கின்றோம். பங்குனிக் கூட்டத்திற்கு முன், தீர்மானத்தை முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அதனை ஒருமுறை படித்துவர வேண்டுகின்றோம். இரண்டு பக்கமே உளது. கண்பார்வை குறைந்தார்க்கு யாமே படித்துக் காட்டுவோம்.